குப்பியா, துப்பாக்கியா: கரடிக் காட்டில் நான்கு கோடைகளும் இரண்டு ஸ்பிரே குப்பிகளும்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் தென்பகுதியில் ஹார்ட் ஏரிக்குச் செல்லும் நடைபாதை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடையது. 1988ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் மறுபடியும் முளைத்த பைன் மரங்கள் பாதையின் இருபுறமும் வேலிபோல நெருங்கி நிற்பதால், பல இடங்களில் பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறதென்று தெரியாது. ஏரியை நெருங்கும்போதுதான் வெந்நீர் ஊற்றுகளின் ஆவியும் திறந்த வெளியும் கண்ணில் படுகின்றன. பழுப்புக் கரடி வகையான கிரிஸ்லி கரடிகளின் நடமாட்டம் மிகுந்த இடம் என்பதால் ஆண்டுதோறும் ஜூன் முடியும்வரை அப்பகுதியை மூடிவைத்து, ஜூலை 1 அன்றுதான் திறக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கே மூன்று இரவுகள் கூடாரமடிக்க எனக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தபோது, டென்வரில் என்னோடு பணிபுரியும், ஆண்டு தவறாமல் மான் வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவர் தம்முடைய நாற்பத்து நான்கு மேக்னம் ரிவால்வரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மிளகாய்த்தூளை நம்பிக் கரடியின் முன்னால் போய் நிற்பது பைத்தியக்காரத்தனம் என்பது அவருடைய கட்சி. ஆகவே இது, பாயும் கரடியை விரட்ட மிளகாய்ச் சாற்றைப் பீய்ச்சும் குப்பியான கரடி ஸ்பிரே என்னும் பொருளைப் பற்றிய மதிப்புரைதான் என்றாலும், துப்பாக்கியை அதன் அருகில் வைத்துப் பார்க்காமல் எழுத முடியாது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மவர் பலருக்கு இந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நெடுங்காலம் துப்பாக்கியைத் தோட்டா நீக்கிக் கட்டிவைத்துத்தான் கொண்டுசெல்ல முடியும் என்ற நிலை இருந்தது. 2009இல் கடன் அட்டைகளை ஒழுங்குபடுத்துவதற்காக நிறைவேறிய ஒரு சட்டத்தில், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு திருத்தமாக இந்த விஷயம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன்படி 2010 பிப்ரவரி 22 முதல், எந்த மாநிலத்தில் பூங்கா இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கும் துப்பாக்கியைப் பூங்காவுக்குள்ளும் வைத்திருக்கலாம். வைத்திருக்கலாமே தவிர, வேட்டைக்கு அனுமதியில்லாத பூங்காக்களில் சுடுவது இன்றும் குற்றமே. அனுமதிச் சீட்டு வாங்கப் போகும் ரேஞ்சர் அலுவலகம் போன்ற கூட்டரசுக் கட்டடங்களுக்குள் அதைக் கொண்டுபோகவும் கூடாது. இவற்றையெல்லாம்விட நமக்கு முக்கியமானது வேறொன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் பொருந்தினாலொழிய, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நண்பரின் துப்பாக்கியை மூன்று நாள் இரவல் வாங்குவதும் வைத்திருப்பதுதான். எனக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டிருந்ததால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் விசாவில் இருக்கும் ஒருவர் இதை அறியாமல் துணிச்சலுக்குக் கையில் எடுத்துவிட்டால், கரடியைவிடப் பெரிய ஆபத்தில் மாட்டிக்கொள்வார்.

இனிக் குப்பிக்கு வருகிறேன். நான் வாங்கியது 230 கிராம் மருந்து அடைத்தது. சமையலறைத் தராசில் குப்பியோடு சேர்த்து 320 கிராம் காட்டியது. விலை 45 டாலர், இடுப்பில் மாட்டும் உறைக்குத் தனியாக 10 டாலர். நம் ஊர்ச் செய்தித்தாள்கள் இத்தகைய பொருளை மிளகுப்பொடி ஸ்பிரே என்றே எழுதி வருகின்றன. உள்ளே மிளகு ஒரு துளியும் இல்லை, காய்ந்த மிளகாயிலிருந்து எடுத்த எண்ணெய்ச் சாறுதான் இருக்கிறது. வாங்குபவர் பார்க்க வேண்டியது, குப்பியின் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் காரத்தின் ஸ்கோவில் எண்ணை அன்று, பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும், காரத்தைத் தரும் கேப்சைசின் சார்ந்த பொருள்களின் விழுக்காட்டை. அது 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கிரிஸ்லி கரடிகளைக் கவனிக்கும் அரசுத் துறைகளின் கூட்டுக்குழு, மருந்து குறைந்தது 225 கிராம் இருக்க வேண்டும், 25 அடி தொலைவு பாய வேண்டும், 6 நொடி நீடிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சாவிக்கொத்தில் மாட்டும், மனிதர்களை விரட்டுவதற்கான சிறிய குப்பிகள் இவற்றில் எதையும் நிறைவு செய்வதில்லை. விலை மலிவென்று அதை வாங்கிக்கொண்டு கரடிக் காட்டுக்குப் போவது வெறுங்கையோடு போவதற்குச் சமம்.

குப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கண்ணுக்குக் குறிவைத்துப் பீய்ச்சும் பொருள் அன்று இது. விசையை அழுத்தினால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புகைமூட்டம் கூம்பாக விரிகிறது; ஓடிவரும் கரடிக்கும் நமக்கும் நடுவே, சற்றுத் தாழ்வாக அந்த மூட்டத்தை எழுப்பி, அதற்குள் கரடி வந்து விழும்படி செய்வதே முறை. ஒரே மூச்சில் தீர்த்துவிடாமல் இரண்டு நொடி அடித்து, மீண்டும் வந்தால் மீண்டும் அடிக்க வேண்டும். மூக்கால் உலகத்தை அறியும் விலங்குக்கு, மூக்கும் கண்ணும் மூச்சுக்குழலும் ஒரே நேரத்தில் எரியத் தொடங்கினால், எதிரே நிற்பவனைப் பற்றிய அக்கறை போய்விடுகிறது. மொன்டானா பல்கலைக்கழகத்தில் கேரி ஹன்ட் நடத்திய கரடி விரட்டும் சோதனைகளிலிருந்து 1980களில் பிறந்த பொருள் இது.

சோதித்துப் பார்க்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளலாகாது என்பதால், காரமில்லாத பயிற்சிக் குப்பி ஒன்றையும் வாங்கினேன். வீட்டுக்கு அருகிலுள்ள வெற்றுத் திடலில் என் மனைவி கைப்பேசியில் நேரம் குறிக்க, அவர் ‘கரடி’ என்று சொன்னதும் எடுத்து அடித்துப் பழகினேன். குப்பி முதுகுப்பையின் பக்கவாட்டுப் பையில் இருந்தபோது, எடுக்க எனக்கு ஆன நேரம் 19 நொடி. இடுப்பு உறைக்கு மாற்றியதும் 5 நொடி. மாலைக்குள் 2 நொடிக்குக் கொண்டுவந்தேன். கிரிஸ்லி கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது, அதாவது நொடிக்கு 15 மீட்டர். முப்பது மீட்டர் தொலைவில் அது பாயத் தொடங்கினால் நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு நொடிதான். அனுமதிச் சீட்டு வாங்க வருபவர்களில் பாதிப்பேர் குப்பியைத் தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு நிற்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்கள் வாங்கியிருப்பது 45 டாலருக்கு ஒரு மன ஆறுதல்.

நியாயம் வேண்டும் என்பதற்காக, அதே வாரத்தில் துப்பாக்கி சுடும் களம் ஒன்றுக்கும் சென்று, நண்பர் புகழ்ந்த அதே வகை ரிவால்வரை வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். ஏழு மீட்டர் தொலைவில் அசையாமல் தொங்கும், சாப்பாட்டுத் தட்டளவுத் தாள். ஆறு தோட்டாக்களில் இரண்டு தாளைத் தொட்டன. முதல் வெடியிலேயே மணிக்கட்டு பின்னுக்கு மடங்கி, அடுத்த வெடிக்குக் கை தானாகவே பயந்தது. சிறு வயதிலிருந்து பழகியவருக்கு இது வேறாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குலுங்கி ஓடிவரும் கரடியின் மண்டையையோ முதுகெலும்பையோ இரண்டு நொடிக்குள் தாக்கும் திறமை ஒரு வார இறுதியில் வருவதன்று. மற்ற இடத்தில் பட்ட தோட்டா கரடியை உடனே நிறுத்துவதில்லை. 2010 மே மாதத்தில், புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம் கடந்த சில நாள்களில், அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் புதரிலிருந்து பாய்ந்த கிரிஸ்லி ஒன்றை முதுகுப்பைப் பயணி ஒருவர் கைத்துப்பாக்கியால் ஏறத்தாழ ஒன்பது முறை சுட்டார். கரடி திரும்பிப் புதருக்குள் போனது; பிறகு சற்றுத் தொலைவில் அதைச் செத்துக்கிடக்கக் கண்டார்கள். அந்தப் பயணிகள் பிழைத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. என்றாலும் காயம்பட்ட கிரிஸ்லி ஒன்று புதருக்குள் உயிரோடு கிடந்த நேரத்தில் அந்த வழியே அடுத்தவர் நடந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஸ்பிரேயை ஆதரிப்பவர்கள் எப்போதும் இரண்டு ஆய்வுகளைக் காட்டுவார்கள். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலானோர் 2008இல் வெளியிட்டது, 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்பிரே பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளைத் தொகுத்தது: பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடும் கருங்கரடிகளிடம் 90 விழுக்காடும் அது பலித்தது, ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயமே இல்லை. 2012இல் ஸ்மித், ஹெரேரோ முதலானோர் 1883 முதல் 2009 வரையிலான 269 துப்பாக்கி நிகழ்வுகளைப் பார்த்தபோது, கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் நீள்துப்பாக்கி 76 விழுக்காடும் பலித்ததாகக் கண்டார்கள். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா குப்பி வென்றது என்று முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பிரே தொகுப்பில் பாயும் கரடிகளோடு, முகாமைச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டு வந்த கரடிகளும் சேர்ந்திருக்கின்றன. துப்பாக்கித் தொகுப்பில் இருப்பவற்றில் ஆபத்து முற்றிய தருணங்களே மிகுதி. சமமில்லாத இரண்டு குவியல்களை ஒரே தராசில் நிறுத்த முடியாது. எனக்குப் பயன்பட்டது அந்த இரண்டாவது ஆய்வின் வேறொரு முடிவுதான்: ஆக்ரோஷமான கரடியின் முன்னே துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் நேர்ந்தவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. சுட நேரம் கிடைக்கவில்லை என்பது தோல்விக்கான காரணங்களில் முதலிடத்தில் இருந்தது.

என் முதல் குப்பியைத் தோற்கடித்தது கரடியன்று, அதன் உறை. ஹார்ட் ஏரியிலிருந்து திரும்பும் வழியில், பாதையின் குறுக்கே சாய்ந்து கிடந்த மரத்தின் அடியில் குனிந்து நுழைந்தபோது, விசையைக் காக்கும் பிளாஸ்டிக் கொக்கியை ஒரு சுள்ளி பிடுங்கிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. அரை மணி கழித்துப் பையை இறக்கிவைக்கக் குனிகையில், இடுப்புப் பட்டை விசையை அழுத்தி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் என் வலது தொடையும் கையும் செம்மஞ்சள் ஆயின. வீட்டில் ஐம்பது மிளகாயை மூடிய அடுப்படியில் கருகவிட்டால் எழும் நெடி அது. அம்மியில் மிளகாய் அரைத்த கையோடு கண்ணைக் கசக்கியவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. எண்ணெயில் கரைந்த காரம் என்பதால் வெறும் தண்ணீர் அதை அகற்றுவதில்லை, பரப்பத்தான் செய்கிறது. ஓடையிலிருந்து தள்ளி வந்து சோப்பு போட்டு நான்கு முறை கழுவியும், அன்று இரவு உறங்கும் பைக்குள் தொடை கனன்றுகொண்டே இருந்தது. உறையைச் செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கொக்கி திறந்து தெரியும்படி இருக்கும் எந்த உறையையும் வாங்க வேண்டாம், மேல்மூடி உள்ள உறையையே வாங்குங்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஒருமுறை அழுத்தப்பட்ட குப்பியை அடுத்த பயணத்துக்கு நம்பக் கூடாது என்பதால், 45 டாலர் அங்கேயே போயிற்று. இதே கவனக்குறைவு இடுப்பிலிருந்த துப்பாக்கிக்கு நேர்ந்திருந்தால் தொடை எரிச்சலோடு முடிந்திருக்காது என்பதையும் அன்று இரவே நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது குப்பி இன்றுவரை என்னிடம் இருக்கிறது. அதை ஒரே ஒருமுறை உறையிலிருந்து எடுத்திருக்கிறேன். மூன்றாவது கோடையில், அதே ஹார்ட் ஏரிப் பாதையின் திருப்பம் ஒன்றில், நாற்பது மீட்டர் தொலைவில் தாய்க் கிரிஸ்லி ஒன்று இரண்டு குட்டிகளோடு வேரைக் கிண்டிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பின்னங்கால்களில் எழுந்து நின்றது. மூக்கை இருபுறமும் அசைத்தது. என் கட்டைவிரல் கொக்கியை எடுத்துவிட்டிருந்ததைக் கை கீழே இறங்கிய பிறகுதான் கவனித்தேன். ஓடாமல், தணிந்த குரலில் பேசிக்கொண்டே நாங்கள் பின்னோக்கி நகர, அது ஒருமுறை உறுமிவிட்டுக் குட்டிகளோடு பைன் மரங்களுக்குள் போய்விட்டது. குப்பி எங்களைக் காப்பாற்றியது என்று எழுதினால் அது பொய். கரடிக்குச் சண்டையில் விருப்பமில்லை, அவ்வளவுதான். ஆனால் அதே இடத்தில் கையில் துப்பாக்கி இருந்து, பயத்தில் விரல் மடங்கியிருந்தால், அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களில் 1975இல் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்ட ஓர் இனத்தின் தாயைச் சுட்டிருப்பேன், அல்லது பாதி சுட்டிருப்பேன். உயிரைக் காத்துக்கொள்ளக் கொல்வதைச் சட்டம் மன்னிக்கிறது. எழுந்து நின்று பார்த்ததற்காகக் கொன்றதை எந்த விசாரணையாளரிடம் எப்படி விளக்குவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

குறைகள் இன்னும் உண்டு. எதிர்க்காற்றில் மூட்டம் நம் முகத்துக்கே திரும்பும். 2008 ஆய்வில் 7 விழுக்காடு நிகழ்வுகளில் காற்று குறுக்கிட்டிருக்கிறது, ஆனாலும் அவை எல்லாவற்றிலும் மருந்து கரடியை எட்டியிருக்கிறது. கோடை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுச்சென்றால் குப்பி வெடிக்கக்கூடும் என்பதால், டென்வரிலிருந்து வயோமிங் வழியாக ஓட்டிச்செல்லும் நாளில் அதை ஐஸ் இல்லாத குளிர்பெட்டிக்குள் துணி சுற்றி வைக்கிறேன். கூடாரத்தின் மேல் அடித்துவைத்தால் கரடி அண்டாது என்று நம்பிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். உலர்ந்த மருந்தின் வாசம் பழுப்புக் கரடிகளை ஈர்த்து, அதில் புரளவே வைத்ததை ஸ்மித் அலாஸ்காவில் பதிவு செய்திருக்கிறார். கொசு மருந்துபோல நினைத்துப் பூசிக்கொள்ளும் பொருள் அன்று.

விமானத்தில் போவோருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய கடினப்பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் அறிவித்துச் சரக்குப் பெட்டிகளோடு அனுப்பலாம். மிளகாய்க் குப்பியைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்கிலும் கொண்டுபோக முடியாது. இரண்டாவது கோடையில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு விமானத்தில் போனபோது, அங்கே ஒரு கடையில் நாளுக்குப் பத்து டாலர் வாடகைக்கு எடுத்தேன். நான்கு நாள் பயணத்துக்கு அது கிட்டத்தட்ட புதுக் குப்பியின் விலை. ஆயினும் திரும்பும்போது எங்கே வீசுவது என்ற தொல்லை இல்லாததால் வாடகையே மேல் என்பது என் எண்ணம். ஆனால் நீட்டிய குப்பியின் அடியைத் திருப்பிப் பார்த்தபோது அதன் காலாவதித் தேதி இரண்டு மாதம் முன்பே முடிந்திருந்தது. சொன்னதும் கடைக்காரர் மறுபேச்சின்றி வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். திருப்பிப் பார்க்காதவர்களுக்கு அந்தப் பழையது போயிருக்கும். நாள்பட்ட குப்பியில் காரம் குறைவதில்லை, அழுத்தம்தான் குறைகிறது. முப்பது அடி பாய வேண்டியது பத்தடியில் விழுந்துவிடும்.

துப்பாக்கியை ஆதரிப்போர் சொல்வதில் நான் ஏற்றுக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. ஆர்க்டிக் பகுதியிலுள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் குடியிருப்புகளைத் தாண்டிப் போகும் எவரும் வெள்ளைக் கரடியை வெருட்டும் கருவியை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, துப்பாக்கியும் பரிந்துரைக்கப்படுகிறது. அங்கே நான் குப்பியை மட்டும் நம்பிப் போகமாட்டேன். தனியாகச் செல்லும் சிலர், கரடிக்காக அன்று, மனிதர்களுக்காகவே துப்பாக்கி கொண்டுபோவதாகச் சொல்கிறார்கள். அந்த அச்சத்தை இன்னொருவர் அளந்து பார்க்க முடியாது. ஆனால் யெல்லோஸ்டோனில் 1872 முதல் 2015 வரை கரடியால் இறந்தவர்கள் 8 பேர், நீரில் மூழ்கி இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல் என்பதை அறிந்த பின்னும், கோடைப் பயணத்துக்கு ஒரு கிலோ இரும்பைச் சுமந்துகொண்டு, ஆற்றைக் கடக்கும் ஊன்றுகோலை எடை அதிகமென்று காரில் வைத்துவிட்டு வருபவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எனவே கிரிஸ்லி வாழும் யெல்லோஸ்டோன், கிளேசியர் போன்ற இடங்களுக்குக் குப்பியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். உறைக்கு அந்தப் பரிந்துரை இல்லை. என் இரண்டாம் குப்பியின் தேதி அடுத்த ஆண்டு முடிகிறது. இந்தக் கோடையில் அது டென்வரிலேயே இருக்கும், ஏனெனில் நாங்கள் போவது யோசெமிட்டிக்கு. கலிஃபோர்னியாவில் 1920களுக்குப் பிறகு கிரிஸ்லியே இல்லை, இருப்பவை கருங்கரடிகள். அவற்றுக்கு வேண்டியது நாமல்ல, நம் சாப்பாடு. அங்கே கரடி ஸ்பிரேயைக் கொண்டுவரவே தடை. அதற்குப் பதிலாக, கரடியால் திறக்க முடியாத தடித்த பிளாஸ்டிக் பெட்டி கட்டாயம். ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள அந்தப் பெட்டியில் ஐந்து நாள் அவலும் ரசப்பொடியும் பருப்புப் பொடியும் பல்துலக்கும் பசையும் நேற்று அடைத்துப் பார்த்தோம். மூடி இன்னும் சரியாக உட்காரவில்லை.